91-ஆ, 95-ஆ, 98-ஆ: பைக்குக்கு எந்தப் பெட்ரோல்?

பங்க்கில் ஒரு குழாயில் 91 என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் 95. சில இடங்களில் 97, 98, ஏன் 100 வரைக்கும்கூட இருக்கும். எண் கூடக் கூட விலையும் கூடும். விலை கூடினால் சரக்கும் உசத்தியாகத்தான் இருக்கும் என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. மோட்டார்சைக்கிளைப் பொறுத்தவரை இந்த முடிவு பெரும்பாலான வண்டிகளுக்குத் தப்பு, சில வண்டிகளுக்கு மட்டும் முழுக்கச் சரி. உங்கள் வண்டி எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் இந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்திலேயே சின்னதாக ஒட்டியிருக்கும் இ5, இ10, இ20 என்ற குறியை, அதாவது பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹால் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பல வண்டிகளுக்கு, குறிப்பாகப் பழைய வண்டிகளுக்கு, உண்மையிலேயே யோசித்து எடுக்க வேண்டிய முடிவு அதுதான்.

முதலில் எண்ணைப் பார்த்துவிடுவோம்.

குழாயில் எழுதியிருக்கும் அந்த எண்ணின் பெயர் ஆக்டேன் எண், அது ஒரே ஒரு குணத்தைத்தான் அளக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அது. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, கம்ப்ரஷனை ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றை சிலிண்டர் சோதனை இன்ஜினில் பெட்ரோலை ஓட்டிப் பார்க்கிறார்கள். 95 பாகம் ஐசோ ஆக்டேனும் 5 பாகம் ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவு தாங்குமோ அந்த அளவு தாங்கினால் அது 95. அதற்குமேல் அந்த எண்ணில் ஒன்றும் இல்லை. பெட்ரோலில் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது, எவ்வளவு சுத்தமாக எரியும், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று எதையும் அது சொல்லாது.

சக்திக்கும் ஆக்டேனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு எத்தனாலே சாட்சி. தூய எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டி வரும். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறதென்றால், ஒரு லிட்டர் எத்தனாலில் 21 தான். எண்ணில் முன்னே நிற்கும் எரிபொருள், சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் வருகிறது. "பெரிய எண் போட்டேன், வண்டி பறக்குது" என்று யாராவது சொன்னால், பறக்க வைத்தது பெட்ரோலில் உள்ள கூடுதல் சக்தியாக இருக்க வாய்ப்பில்லை.

சரி, அந்தத் தாங்கும் திறன் எதற்கு? ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து கிளம்பிச் சிலிண்டரின் ஓரம்வரை சீராகப் பரவ வேண்டும். தீ பரவப் பரவ, இன்னும் எரியாமல் ஓரத்தில் கிடக்கும் கலவை நசுக்கப்பட்டுச் சூடேறுகிறது. தீ வந்து தொடும் வரை அது பொறுத்திருந்தால் நல்லது. பொறுக்காமல் மொத்தமாக ஒரே நொடியில் தானே பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதித் திரும்புகின்றன. அதைத்தான் நாக்கிங் என்கிறோம். டாப் கியரில், குறைந்த ஆர்.பி.எம்.மில், மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினால் சில வண்டிகளில் சின்ன டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் வருமே, அதுதான். எப்போதாவது ஓரிரு முறை வந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அதைக் கேட்டும் கேட்காததுபோல் மாதக்கணக்கில் ஓட்டினால் பிஸ்டன் தலையின் ஓரத்தில் அரிப்பு விழும், ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பகுதி உடையும். பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தால், ஓரத்தில் மட்டும் மணலை வீசி அடித்த மாதிரி பொடிப்பொடிக் குழிகள் தெரியும்.

ஆக, பெரிய எண் என்பது ஒரு பாதுகாப்பு எல்லை. அந்த எல்லைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கு எல்லையைத் தள்ளி வைத்தால் கிடைப்பது ஒன்றுமில்லை.

எந்த எண், யாருடைய எண்?

ஒப்பிடத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தாண்ட வேண்டும். பங்க்கில் எழுதியிருக்கும் எண் எல்லா நாட்டிலும் ஒரே அளவுகோல் அல்ல. உலகின் பெரும்பகுதி ஆர்.ஓ.என். எனப்படும் ரிசர்ச் ஆக்டேன் எண்ணைப் பயன்படுத்துகிறது. சோதனை இன்ஜின் 600 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது எடுக்கும் அளவு அது. இதே சோதனையை 900 ஆர்.பி.எம்.மில், கலவையை நன்றாகச் சூடாக்கி எடுத்தால் எம்.ஓ.என். என்ற மோட்டார் ஆக்டேன் எண் வரும். அதே பெட்ரோலுக்கு அது ஆர்.ஓ.என்.னைவிட 8 முதல் 10 எண் குறைவாகவே இருக்கும். அமெரிக்காவில் இந்த இரண்டின் சராசரியை ஏ.கே.ஐ. என்று பங்க்கில் ஒட்டுகிறார்கள். அங்கே 87 என்று இருப்பது மற்ற இடங்களின் 91, 92-க்குச் சமம். அங்கே 91 என்பது மற்ற இடங்களின் 95, 96.

இது வெறும் கணக்குப் பாடமாகத் தோன்றலாம். ஆனால் ஹார்லி டேவிட்சன் தன் மேனுவலில் 91 என்று எழுதினால் அது அமெரிக்கப் பங்க் எண். அதை இணையத்தில் படித்துவிட்டு ஆர்.ஓ.என். 91 குழாயின் முன் போய் நிறுத்தினால், தேவையைவிட நான்கைந்து எண் குறைந்த பெட்ரோல்தான் டேங்க்குக்குள் போகும். மறுபக்கமும் உண்டு. ஹோண்டாவின் பல பைக்குகளுக்கான அமெரிக்க மேனுவல் 86 போதும் என்கிறது. அதைப் பார்த்து "இவ்வளவு மட்டமான பெட்ரோலா" என்று பதற வேண்டாம். அது ஆர்.ஓ.என். கணக்கில் கிட்டத்தட்ட 90, 91. மேனுவலில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அளவுகோல் என்று எழுதியிருக்கும், அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மேனுவல் தொலைந்துவிட்டால் டேங்க் மூடியின் உட்புறமோ, மூடியைச் சுற்றியுள்ள ஸ்டிக்கரோ சொல்லும். இனி இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் ஆர்.ஓ.என். தான்.

91: பெரும்பான்மை வண்டிகளின் இடம்

100 முதல் 350 சி.சி. வரையிலான, அன்றாடம் ஓடும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலானவை 91-ஐ மனதில் வைத்தே கட்டப்பட்டவை. கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற கணக்கு, 9-லிருந்து 10.5-க்குள் இருக்கும். உதாரணத்துக்கு ராயல் என்ஃபீல்டின் இப்போதைய கிளாசிக் 350-இல் அது 9.5. இப்படிப்பட்ட வண்டிக்கு 91 போதும் என்று மேனுவல் சொன்னால், 98 போடுவதால் பிக்கப்பும் கூடாது, மைலேஜும் கூடாது.

காரணம் எளிமையானது. கூடுதல் ஆக்டேனைப் பயன்படுத்த வேண்டுமானால் இன்ஜின் தன் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, முன்னே நகர்த்த வேண்டும். அதற்கு நாக்கிங் வருகிறதா இல்லையா என்று கேட்டுச் சொல்லும் ஒரு காது வேண்டும். அதுதான் நாக் சென்சார். கார்களில் அது சர்வசாதாரணம். மோட்டார்சைக்கிள்களில் இல்லாத வண்டிகளே அதிகம். சென்சார் இல்லாத இன்ஜினுக்கு டேங்க்கில் 91 இருக்கிறதா 98 இருக்கிறதா என்று தெரியவே தெரியாது. தொழிற்சாலையில் எழுதிவைத்த டைமிங்கில்தான் இரண்டையும் எரிக்கும்.

"98 போட்டதும் வண்டி ஸ்மூத்தாயிடுச்சே" என்று சொல்பவர்கள் எல்லாரும் பொய் சொல்வதில்லை. புது பங்க்கில் பெட்ரோல் புதிதாக இருந்திருக்கலாம், எத்தனால் குறைவாக இருந்திருக்கலாம், அன்றைக்கு வெயில் குறைவாக இருந்திருக்கலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு. பல ஆண்டுகள் ஓடிய இன்ஜினில் பிஸ்டன் தலையிலும் வால்வைச் சுற்றியும் கார்பன் படிந்திருக்கும். அது இடத்தை அடைத்துக் கம்ப்ரஷனைக் கொஞ்சம் ஏற்றும், சூட்டையும் பிடித்து வைக்கும். புதிதில் 91-இல் அமைதியாக ஓடிய வண்டி, கார்பன் ஏறிய பிறகு அதே 91-இல் மேட்டில் முனகும். அங்கே 95 போட்டால் நிஜமாகவே சத்தம் நிற்கும். ஆனால் அது நோயை மூடி மறைக்கும் வேலைதான். செய்ய வேண்டியது கார்பனை எடுப்பதும், பிளக்கின் ஹீட் ரேஞ்ச் (அது சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்தும் என்ற வகை) சரியா, கலவை பெட்ரோல் குறைந்து காற்று கூடிப் போயிருக்கிறதா என்று பார்ப்பதும்தான்.

அதிக ஆக்டேன் போட்டால் வால்வு எரிந்துவிடும், இன்ஜின் சூடாகிவிடும் என்று எதிர்ப்பக்கம் ஒரு கதை உலவுகிறது. அதற்கும் ஆதாரமில்லை. 91 கேட்கும் வண்டிக்கு 98 போட்டால் கெடுவது பர்ஸ் மட்டுமே.

95: இடைநிலையில் நிற்கும் வண்டிகள்

கம்ப்ரஷன் 11-ஐத் தாண்டினால் 95 வேண்டும் என்று ஒரு கட்டைவிரல் விதி சொல்வார்கள். நானும் முதல் பார்வைக்கு அதைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. கவாஸாகியின் நிஞ்சா எச்2 இன்ஜினின் கம்ப்ரஷன் ரேஷியோ வெறும் 8.5. அதை மட்டும் பார்த்தால் அன்றாட வண்டியைவிடச் சாது. ஆனால் அதில் சூப்பர்சார்ஜர் இருக்கிறது, காற்றை முன்கூட்டியே அழுத்தித்தான் உள்ளே தள்ளுகிறது. அதனால் அது கேட்பது உயர்ந்த கிரேடு. மறுபக்கம், திரவக் குளிர்விப்பும் சின்ன போரும் (சிலிண்டரின் விட்டம்) நான்கு வால்வும் உள்ள சிறிய இன்ஜின்களில் கம்ப்ரஷன் 11-க்கு மேலே போனாலும் சாதாரண கிரேடே போதும் என்று தயாரிப்பாளர் அனுமதிப்பதுண்டு. போர் சின்னதாக இருந்தால் தீ ஓட வேண்டிய தூரம் குறைவு. ஆர்.பி.எம். அதிகமாக இருந்தால் ஓரத்துக் கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ள நேரமே கிடைக்காது. பத்தாயிரம் ஆர்.பி.எம்.மில் அலறும் சின்ன இன்ஜினைவிட, இரண்டாயிரத்தில் உருமும் பெரிய காற்றுக் குளிர்விப்பு வி-ட்வின் (இரண்டு சிலிண்டர் V வடிவில் நிற்கும் இன்ஜின்) தான் நாக்கிங்குக்கு எளிதில் இலக்காகும். போர் பெரிது, வேகம் மெது, பின் சிலிண்டருக்குக் காற்றும் சரியாகப் போவதில்லை. டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது கேட்கவே வேண்டாம்.

மேனுவல் 95 என்று சொல்லும் வண்டிக்கு 91 போட்டுப் பணம் மிச்சம் பிடிக்கலாமா என்பதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. இங்கே நாக் சென்சார் இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பி.எம்.டபிள்யூ.வின் பெரிய பாக்ஸர் (இரண்டு சிலிண்டரும் இருபக்கமும் படுத்திருக்கும்) இன்ஜின்களில் அந்தச் சென்சார் உண்டு. மட்டமான பெட்ரோல் போட்டால் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். சக்தி கொஞ்சம் குறையும், பெட்ரோலும் சற்றுக் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். சென்சார் இல்லாத வண்டிக்கு அந்தத் தப்பும் வழி இல்லை. மிச்சம் பிடிப்பது லிட்டருக்குச் சில சதவீதம், பணயம் வைப்பது பிஸ்டனை. நான் பிடிக்க மாட்டேன்.

97-க்கு மேல்: யாருக்கு?

ஆக்டேனுக்காக மட்டும் பார்த்தால், இதை வாங்க வேண்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். மேனுவலிலேயே 98 என்று எழுதியிருப்பவர்கள், இன்ஜினைத் தோண்டிக் கம்ப்ரஷனை ஏற்றியவர்கள், டைமிங்கை முன்னே தள்ளி இ.சி.யூ. மேப்பை (இன்ஜின் கணினியில் எழுதிவைத்த டைமிங், பெட்ரோல் கணக்கை) மாற்றியவர்கள், ட்ராக்கில் சூட்டோடு சூடாக முழு த்ராட்டிலில் ஓட்டுபவர்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், டுகாட்டி பானிகாலே வி4 போன்ற, கம்ப்ரஷன் 14-ஐத் தொடும் அசுரனே குறைந்தபட்சம் 95 போதும் என்றுதான் கேட்கிறது. மேப் மாற்றிய வண்டி வேறு கதை. மேப் எழுதியவர் எந்தப் பெட்ரோலை வைத்து எழுதினாரோ அதுதான் இனி உங்கள் மேனுவல். அவரிடம் கேட்காமல் கிரேடைக் குறைக்கக் கூடாது.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலை வாங்கி 91-இல் ஊற்றினால் அதுவும் 95 ஆகிவிடாதா என்று கேட்கலாம். பாட்டிலில் "5 பாயின்ட் ஏறும்" என்று போட்டிருந்தால், அந்தத் தொழிலில் ஒரு பாயின்ட் என்பது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு எண். 91, 91.5 ஆகும். சில பூஸ்டர்களில் உள்ள மாங்கனீசு, பிளக்கின் பீங்கானில் செங்கல் நிறத்தில் படிந்துவிடும். உயர்ந்த கிரேடு கிடைக்கும் இடத்தில் பாட்டிலுக்கு வேலையே இல்லை.

விமானப் பெட்ரோல் கிடைக்கும், போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 100 எல்.எல். என்று சொல்லப்படும் அந்தப் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரும், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ட்டும் உள்ள வண்டியில் இரண்டையும் அது காலி செய்துவிடும். சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் 2021 ஜூலையில் அல்ஜீரியாவோடு உலகில் முடிந்துபோனது, அதை விமான நிலையத்தின் பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

எத்தனால்: இங்கேதான் யோசிக்க வேண்டும்

ஆக்டேனைப் பற்றிய முடிவு, மேனுவலைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். எத்தனால் அப்படி இல்லை, ஏனென்றால் பல பழைய மேனுவல்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இ10 என்றால் 10 சதவீதம் வரை எத்தனால், இ20 என்றால் 20. ஐரோப்பாவில் 2018 அக்டோபரிலிருந்து பங்க்கிலும் புது வண்டியின் டேங்க் மூடிக்கு அருகிலும் வட்டத்துக்குள் இந்தக் குறி இருக்க வேண்டும் என்று ஆனது. உங்கள் வண்டியில் அப்படி ஒரு ஸ்டிக்கர் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது, அதில் இருப்பதுதான் உச்சவரம்பு. பங்க்கில் கிடைக்கிறது என்பதற்காக எந்தக் கலவையையும் பைக்கில் ஊற்றலாம் என்று இல்லை. அமெரிக்காவில் இ15 பங்க்கில் விற்கிறது, ஆனால் மோட்டார்சைக்கிளில் போடச் சட்டமே அனுமதிப்பதில்லை.

எத்தனால் மூன்று விதமாக வேலை காட்டும்.

ஒன்று, மைலேஜ். எத்தனால் கலக்காத பெட்ரோலில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, சக்திக் கணக்குப்படி இ10-இல் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம் குறையும், இ20-இல் மூன்று சொச்சம். இதற்கு மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

இரண்டு, கலவை. பெட்ரோலின் ஒவ்வொரு கிராமும் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இ10-க்கு 14.1, இ20-க்கு 13.5 போதும். ஆக்ஸிஜன் சென்சாருடன் கூடிய எஃப்.ஐ. வண்டி (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி) இதைப் புரிந்துகொண்டு கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துச் சரிசெய்துவிடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை என்ன அளவோ அதுதான் போகும், அதனால் கலவையில் எரிபொருள் குறைந்து காற்று மிஞ்சும். காலையில் சோக் இழுத்துக் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும், ஒரே சீராகப் போகும்போது வண்டி லேசாக இழுத்து விடும், ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு கார்புரேட்டர் வண்டியில் புதிதாக வந்தால், கார்பைக் கழற்றும் முன் டேங்க்கில் என்ன பெட்ரோல் மாறியது என்று யோசித்துப் பாருங்கள். அது இ20-க்கு மாறியதால் என்றால், மெயின் ஜெட்டையும், த்ராட்டில் குறைவாக இருக்கும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டையும் ஒரு படி பெரிதாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்று, ரப்பரும் உலோகமும். பழைய நைட்ரைல் ரப்பர் குழாய்களும் ஓரிங்குகளும் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு காய்ந்தால் விரிசல் விடும். கார்பின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பவுலைக் கழற்றினால், முன்பு கச்சிதமாகப் பொருந்திய கேஸ்கெட் இப்போது பள்ளத்துக்குள் திரும்ப உட்காராமல் சுருண்டு நிற்கும். பழைய பிளாஸ்டிக் டேங்க், ஃபைபர் டேங்க், உள்ளே பூசிய சீலர் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. டேங்க்கில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த துருவையும் பிசினையும் எத்தனால் இளக்கிவிடும், முதல் சில டேங்க்குகளில் ஃபில்டர் அடைத்துக்கொள்வது அதனால்தான். எத்தனாலுக்கென்றே கட்டிய வண்டிக்கு இதில் எதுவும் இல்லை. பிரேசிலில் 2009-லேயே ஹோண்டா சி.ஜி. 150 டைட்டன் மிக்ஸ் என்று, பெட்ரோலும் எத்தனாலும் எந்த விகிதத்திலும் ஊற்றி ஓட்டக்கூடிய பைக்கைக் கொண்டுவந்தது. பொருள் சரியாக இருந்தால் எத்தனால் எதிரி இல்லை.

இப்போது உயர்ந்த கிரேடை வாங்க ஒரு நியாயமான காரணம் கிடைக்கிறது, அது ஆக்டேன் அல்ல. சில நாடுகளில் சாதாரண கிரேடில் எத்தனாலை ஏற்றிவிட்டு, சூப்பர் கிரேடில் குறைவாக வைக்கிறார்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரணப் பெட்ரோல் இ10 ஆனது, 97-க்கு மேற்பட்ட சூப்பர் கிரேடு இ5 ஆகவே இருந்தது. அங்கே 1980-களின் பைக் வைத்திருப்பவர் 97 போட்டால் அது வீண் ஆடம்பரமில்லை. ஆனால் எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஆக்டேனை ஏற்றவே எத்தனாலைக் கூட்டும் இடங்களும் உண்டு. குழாயில் இருக்கும் இரண்டு ஸ்டிக்கரையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நின்றே கிடக்கும் வண்டி

தினமும் ஓடும் வண்டிக்கு இந்தப் பகுதி தேவையில்லை, தாண்டிவிடலாம். மாதக்கணக்கில் மூடி போட்டு நிறுத்தும் வண்டிக்கு எத்தனாலின் இன்னொரு குணம் முக்கியம்: அது ஈரத்தை உறிஞ்சும். இ10 தன் கொள்ளளவில் சுமார் அரை சதவீதம் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அதாவது 10 லிட்டருக்கு 50 மில்லி. அந்த எல்லை தாண்டினால், அல்லது குளிரில் எல்லையே இறங்கினால், எத்தனாலும் தண்ணீரும் கைகோர்த்துக்கொண்டு டேங்க்கின் அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். டேங்க்கில் பெட்ரோல் இழுக்கும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. சந்தேகம் வந்தால், கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். நடுவில் கோடு விழுந்தாற்போல் இரண்டு அடுக்கு தெரிந்தால் டேங்க்கை முழுதாக வடித்தே ஆக வேண்டும். மேலே உள்ள அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம், எத்தனால் விட்டுப்போன பெட்ரோலின் ஆக்டேனும் இரண்டு மூன்று எண் இறங்கியிருக்கும்.

98 என்பதால் அது அதிக நாள் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெட்ரோல் கெடுவது இலேசான பொருட்கள் ஆவியாவதாலும், மிச்சம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாவதாலும். ஆக்டேன் எண் அதைத் தடுக்காது. நிறுத்துவதற்கு முன் கிடைப்பதில் எத்தனால் குறைந்ததை டேங்க் நிறைய நிரப்பி, பெட்ரோல் கெடுவதைத் தாமதப்படுத்தும் ஸ்டெபிலைசர் சேர்த்துப் பத்து நிமிடம் ஓட்டி, கார்புரேட்டர் வண்டியானால் ஃப்ளோட் பவுலை வடித்துவிட்டு நிறுத்தினால், திரும்ப எடுக்கும்போது பைலட் ஜெட்டைக் குடைய வேண்டியிருக்காது.

கிளீனிங் அடிட்டிவ் பற்றி

பிரீமியம் பெட்ரோலை விற்பவர்கள் ஆக்டேனையும், அழுக்கு நீக்கும் டிடர்ஜென்ட்டையும் ஒரே மூச்சில் சொல்லி விற்பார்கள். இரண்டும் தனித்தனிச் சமாச்சாரம். நல்ல டிடர்ஜென்ட் உள்ள 91-உம் உண்டு. 2004-இல் சில வாகன உற்பத்தியாளர்கள் சேர்ந்து அமெரிக்காவில் தொடங்கிய டாப் டியர் (Top Tier) என்ற தரக்குறியில், ஒரு பங்க் விற்கும் எல்லா கிரேடிலும் டிடர்ஜென்ட் இருக்க வேண்டும் என்பது விதி. பைக்கில் எஃப்.ஐ. இன்ஜெக்டர் பெரும்பாலும் வால்வுக்கு முன்னால்தான் தெளிக்கும், அதனால் டிடர்ஜென்ட் வால்வின் முதுகையும் கழுவிக்கொண்டு போகும். பயன் நிஜம்தான். அதற்காக ஆயுள் முழுக்க 98 போட வேண்டியதில்லை. உங்கள் பகுதியில் டிடர்ஜென்ட் பிரீமியத்தில் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், எப்போதாவது ஒரு டேங்க் போட்டால் போதும். எனக்குக் கேட்டால், கூட்டம் அதிகமாக வரும், பெட்ரோல் சீக்கிரம் விற்றுத் தீரும் பங்க்கைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றி இரண்டு வரி. ஆக்டேன் விதி அதேதான். எத்தனாலோடு எல்லா டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் ஒத்துப்போவதில்லை, ஆயில் டப்பாவில் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ஏற்றது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

கடைசியாக, பயணத்தில் நடப்பது. 95 கேட்கும் வண்டி, அடுத்த ஊர் வெகுதூரம், இங்கே 91 மட்டும்தான் இருக்கிறது. டேங்க்கை நிரப்பாமல் அடுத்த ஊர்வரை போகிற அளவு மட்டும் போடுங்கள். பாரத்தைக் குறையுங்கள். மேட்டில் ஒரு கியர் குறைத்து ஆர்.பி.எம்.மை ஏற்றியே வையுங்கள், பெரிய கியரில் வண்டியை அழுத்தித் தள்ள வேண்டாம். மெதுவாக, பாதி த்ராட்டிலுக்குள் ஓட்டினால் நாக்கிங் வரும் இடத்துக்கே இன்ஜின் போகாது. உயரமான மலைப்பகுதியில் காற்று மெலிந்திருப்பதால் சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜினுக்கு 91 இன்னும் சுலபமாக ஒத்துக்கொள்ளும், ஆனால் அதே டேங்க்கோடு கீழே இறங்கிச் சூடான சமவெளிக்கு வந்தபிறகு முறுக்கக் கூடாது. கிரேடுகள் கலந்தால் எண்ணும் ஏறக்குறையச் சராசரியாகிவிடும், கலப்பதால் கெடுதி இல்லை. டேங்க்கில் கால்வாசி 91 இருக்கும்போது அடுத்த பங்க்கில் மீதியை 98-ஆல் நிரப்பினால் கிட்டத்தட்ட 96 ஆகிறது. அதற்குப் பிறகு பழையபடி ஓட்டலாம்.